நாலாயிரம் வெள்ளிக்கு ஒரு ஜோடி சப்பாத்து: வாங்கலாமா?

என் அண்ணன் மகனுக்குச் சென்ற மாதம் வேலை நிரந்தரமானது. ஞாயிற்றுக்கிழமை காலை கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்குப் பசியாற வந்தவன், தோசையைப் பாதியில் விட்டுவிட்டுக் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். "அத்தை, இதை வாங்கலாமா?" தடித்த அடி, வெள்ளைத் தோல், பக்கவாட்டில் ஓர் ஐரோப்பிய ஃபேஷன் நிறுவனத்தின் பெயர். விலை 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்காமலேயே, "அந்தக் காசுக்கு ஒரு பழைய மோட்டார் வாங்கலாம்டா" என்றார். பையன் முகம் வாடிவிட்டது.

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகள் ஒரு பேரங்காடியின் காலணிப் பிரிவில் நின்று விற்றவள் நான். சொந்தச் சம்பளத்தில் ஒரு நல்ல சப்பாத்து போட வேண்டும் என்று வந்த பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆசையில் தப்பே இல்லை. எங்கள் பாட்டி விடியும் முன்பே எழுந்து கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டப் போனவர். அவர் சேர்த்த பால் யார் யார் காடிக்கோ டயராகவும் யார் யார் சப்பாத்துக்கோ அடியாகவும் போனது. அவர் காலுக்கு ஒரு நல்ல சப்பாத்து வந்ததில்லை. அவருடைய கொள்ளுப்பேரன் நல்லதாக ஒன்று போட ஆசைப்படுவதில் எனக்குச் சந்தோஷம்தான். எது நல்லது என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் ஸ்னீக்கர் வாங்கப் போகிறவருக்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன. மேல் படியில் பலென்சியாகா, கூச்சி, அலெக்சாண்டர் மெக்குயின் போன்ற பெரிய ஃபேஷன் பெயர்கள். விலை சுமார் 3,000 வெள்ளியில் தொடங்கும், 5,000-ஐத் தொடுவதும் உண்டு. அதற்கு அடுத்து, காமன் புரொஜெக்ட்ஸ், கோல்டன் கூஸ் மாதிரி ஸ்னீக்கருக்கே பெயர் வாங்கியவை, சுமார் 2,000-லிருந்து 3,000 வரை. அதற்குக் கீழே விளையாட்டு நிறுவனங்களின் பழைய வடிவங்கள்: அடிடாஸ் சூப்பர்ஸ்டார், ஸ்டான் ஸ்மித், நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1. பெரும்பாலும் 400 முதல் 600 வெள்ளிக்குள். கடைசியாக 100, 200 வெள்ளிக்குக் கிடைக்கும் பாட்டாவின் பவர் போன்றவை. இவை தவிர பெட்டாலிங் ஸ்திரீட் நகல்கள், பழைய பொருள் விற்கும் பண்டல் கடைகள், ஊருக்கு வெளியே உள்ள கழிவு விலை பேரங்காடிகள்.

மேல் படியில் அந்த நாலாயிரம் எங்கே போகிறது? 2017-இல் வந்து உலகமெங்கும் பேசப்பட்ட பலென்சியாகாவின் ட்ரிபிள் எஸ் சப்பாத்தைப் பாருங்கள். முதலில் இத்தாலியில் செய்தார்கள். 2018 ஜனவரியில், தயாரிப்பைச் சீனாவுக்கு மாற்றியதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அங்குள்ள தொழிற்சாலைக்கு இன்னும் இலேசான சப்பாத்தைச் செய்யும் திறமை இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அது உண்மையாகவே இருக்கட்டும், சீனத் தொழிலாளியின் கைவேலையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஊர்ப் பெயர் மாறியபோதும் விலை அதே உயரத்திலேயே நின்றது. அப்படியானால் அந்த விலை இத்தாலியக் கைவேலைக்கான கூலி அல்ல, பெயருக்கான விலை.

பெயருக்கு என்ன விலை என்பதற்கு நம் நாட்டுக்காரர் ஒருவரே சாட்சி. ஜிம்மி சூ பினாங்கில் பிறந்தவர், சப்பாத்து தைப்பவரின் மகன், பதினொரு வயதில் தன் முதல் சப்பாத்தைச் செய்தவர். லண்டனுக்குப் போய்ப் படித்து, பெரிய பெயர் வாங்கி, 2001-இல் தன் பெயரிலேயே இருந்த நிறுவனத்தில் தனக்கிருந்த பாதிப் பங்கைச் சுமார் 10 மில்லியன் பிரிட்டிஷ் பவுனுக்கு விற்றுவிட்டார். 2017-இல் மைக்கல் கோர்ஸ் என்ற அமெரிக்க ஃபேஷன் நிறுவனம் அந்த நிறுவனத்தை வாங்கியபோது விலை சுமார் 896 மில்லியன் பவுன். தைத்த கை வெளியே போய்ப் பதினாறு வருஷம் ஆன பிறகு அந்த விலை! கடையில் நிற்கும்போது இந்தக் கணக்கு எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

அப்புறம் நம் ஊர் வெயிலும் ஈரமும். வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நமக்கோ இதுதான் தலையாய விஷயம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலை செய்த காலத்தில் ஊழியர் கழிவு போக 1,300 வெள்ளிக்கு ஒரு ஜோடி வாங்கினேன், பெயர் வேண்டாம். கண்ணை உறுத்தாத சாம்பல் நிறம், தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். கெட்டுவிடக் கூடாதே என்று மொத்தம் ஏழெட்டு முறைதான் போட்டிருப்பேன். மற்ற நாளெல்லாம் மெல்லிய தாளில் சுற்றி, பெட்டியில் போட்டு, அலமாரி மேல். ஆறு வருஷம் கழித்து ஒரு நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் மண்டபத்தில் வேலை நிறைய இருக்கிறதே, வசதியாக இருக்கட்டும் என்று எடுத்துப் போட்டேன். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது இடது குதிகால் ஒரு மாதிரி அமுங்கியது. திரும்பிப் பார்த்தால் பளிங்குத் தரையில் நான் நடந்த வழியெல்லாம் சாம்பல் நிறத் துணுக்குகள். குனிந்து எடுத்தால் நனைந்த ரஸ்க் மாதிரி விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. பத்து நிமிஷத்தில் இரண்டு அடியும் கையோடு வந்துவிட்டன. மேல் தோல் புதுசு மாதிரியே பளபளவென்று இருந்தது, அதைப் பார்க்கத்தான் இன்னும் வயிறு எரிந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. பல ஸ்னீக்கர்களின் அடியில் மெத்தையாக இருப்பது பாலியூரித்தேன் என்ற நுரை. காற்றில் உள்ள ஈரம் மெல்ல மெல்ல அதற்குள் போய் அதன் பிணைப்புகளை அறுக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் இது நடந்துகொண்டே இருக்கும். கோலாலம்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால் இங்கே சீக்கிரம் நடக்கும். பத்திரமாகப் பெட்டியில் பூட்டி வைப்பது அந்தச் சப்பாத்தைக் காப்பாற்றாது. தோலைப் போல் தெரியும் மலிவான செயற்கைப் பொருளும் இதே ஈரத்தில்தான் செதில் செதிலாக உரியும். அசல் தோல் உரியாது, ஆனால் காற்றுப் படாத அலமாரியில் அதற்குப் பூசணம் பிடிக்கும். ஆக, நம் ஊரில் விலை உயர்ந்த ஸ்னீக்கரை வாங்கி 'விசேஷத்துக்கு மட்டும்' என்று வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. வாங்கினால் போட வேண்டும். போட மனசு வராத விலை என்றால் வாங்கக் கூடாது.

உடைந்த அந்த ஜோடியை பிரிக்பீல்ட்ஸில் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து சப்பாத்து தைக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுல ஒன்னும் செய்ய முடியாதும்மா" என்று ஓரமாக வைத்தார். பிறகு தன்னிடம் வேலைக்கு வந்திருந்த வேறு இரண்டு சப்பாத்துகளை எடுத்துக் காட்டினார். இரண்டிலும் அடியைச் சுற்றி வெளியே நூல் ஓடுவது போல் இருந்தது. ஒன்றின் உள் மெத்தையை விரலால் நெம்பித் தூக்கினார். உள்ளே ஓரமாகச் சுற்றிலும் தடித்த தையல், ஊசி நுழைந்த ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. இன்னொன்றைத் தூக்கினார். வெறும் அட்டையும் காய்ந்த பசையும். "வெளிய இருக்கிறது நூல் இல்லம்மா, அச்சுல வார்த்த கோடு" என்றார். பசை விட்டால் முன்னது தையலில் நிற்கும், பின்னது வாயைப் பிளக்கும். அந்தப் பசையில் ஒட்டிய சப்பாத்துதான் விலை கூடியது. ஒன்பது வருஷம் விற்ற எனக்கு அதுவரை இது தெரியாமல் இருந்ததே என்று வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் உள் மெத்தையைத் தூக்கிப் பார்க்கிறேன். தூக்க முடியாதபடி ஒட்டியிருந்தால் விற்பவரிடம் கேட்கிறேன்.

இந்தச் சோதனையை வைத்துப் பார்த்தால் இரண்டாவது படிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. காமன் புரொஜெக்ட்ஸ் 2004-இல் தொடங்கியது. இத்தாலியில் செய்கிறார்கள். நல்ல தோல், கிண்ணம் போல மேலேறி நிற்கும் ரப்பர் அடி, சுற்றிலும் தையல். வெளியே பெயர் இல்லை, குதிகால் பக்கம் தங்க நிறத்தில் சில எண்கள் மட்டும். அடி தேய்ந்தால் மாற்றித் தரக்கூடிய கைகளும் இருக்கின்றன. தட்டையான ரப்பர் அடி என்பதால் மெத்தென்று இருக்காது, முதல் இரண்டு வாரம் குதிகாலைக் கடிக்கும் என்று போடுகிறவர்கள் சொல்வார்கள். வழக்கமான அளவைவிட ஒன்று குறைத்து எடுக்க வேண்டியும் வரும். கோல்டன் கூஸ் பற்றி என் மனசில் பட்டதைச் சொல்கிறேன்: புதுசையே அழுக்கேற்றி, தேய்த்து, பழசு போல விற்பது அதன் அடையாளம். தோல் நல்லதுதான். ஆனால் தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் புதுசு உடுத்தி வளர்ந்த எனக்கு, அழுக்குக்குக் காசு கொடுக்க மனசு ஒப்பவில்லை.

400 முதல் 600 வெள்ளி வரையிலான படிதான் பெரும்பாலானவர்களுக்குச் சரி என்பது என் முடிவு. சூப்பர்ஸ்டாரும், 1982-இல் கூடைப்பந்துக்காக வந்த ஏர் ஃபோர்ஸ் 1-உம் சுற்றிலும் தைத்த ரப்பர் அடி கொண்டவை. காட்டடி அடித்தாலும் தாங்கும். ஸ்டான் ஸ்மித் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021-இல் அடிடாஸ் அதன் வழக்கமான வடிவத்தைத் தோலிலிருந்து மறுசுழற்சி கலந்த செயற்கைப் பொருளுக்கு மாற்றியது. தோலில் செய்த வகைகளும் தனியாக உண்டு. பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. உள்ளே இருக்கும் சீட்டைப் படித்துவிட்டு எடுங்கள்.

கணக்கையும் போட்டுப் பார்த்தோம், பையனே பேனா எடுத்து நாளிதழ் ஓரத்தில் எழுதினான். 4,000 வெள்ளி சப்பாத்தை வாரம் ஒருமுறை இரண்டு வருஷம் போட்டால் சுமார் 100 முறை, ஒரு தடவைக்கு 40 வெள்ளி. 2,000 வெள்ளி சப்பாத்தை வாரம் இரண்டு முறை நாலு வருஷம் போட்டால் 400 முறைக்குமேல், ஒரு தடவைக்கு 5 வெள்ளிக்கும் குறைவு. 500 வெள்ளி சப்பாத்து, வாரம் இரண்டு முறை, இரண்டு வருஷம்: இரண்டரை வெள்ளி. 150 வெள்ளிக்கு வாங்கி ஒரு வருஷம் வாரம் மூன்று முறை போட்டால் ஒரு வெள்ளி. அவன் 40-ஐ இரண்டு முறை சுற்றிவிட்டு, "அத்தை, வாரம் நாலு தடவை போட்டா?" என்றான். சரி, 10 வெள்ளி ஆகும். நாலு மணி மழையில், எல்ஆர்டி ரயில் நெரிசலில், வாரம் நாலு நாள் அதைப் போட்டுக்கொண்டு போவாயா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

காசு கையில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. ஒரு ஜோடி சப்பாத்து அதில் இரண்டு மாதச் சம்பளத்தையும் தாண்டுகிறது. கிரெடிட் கார்டில் போட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு: ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் 4,000-க்கு முதல் மாதமே 60 வெள்ளி. குறைந்தபட்சத் தொகையாக 5 விழுக்காடு, அதாவது 200 வெள்ளி கட்டினால் அதில் 60 வட்டிக்கே போய்விடும். தவணையில் வாங்கிய சப்பாத்து தேய்ந்த பிறகும் தவணை ஓடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

'பின்னால் விற்றால் காசு வரும்' என்றும் சிலர் சொல்கிறார்கள். ஜாலான் மஸ்ஜிட் இந்தியா நகைக்கடையில் வாங்கிய தங்கச் சங்கிலி அவசரத்துக்கு அடகுக் கடைக்குப் போகும், போட்டுக் கழற்றியதால் அதன் எடை குறையாது. ஃபேஷன் ஸ்னீக்கர் ஒருமுறை தெருவில் நடந்தாலே விலை சரியத் தொடங்கும், நடக்காவிட்டாலும் மேலே சொன்ன நுரை சும்மா இருக்காது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில அரிய ஜோடிகளை வைத்து எல்லாவற்றையும் முதலீடு என்று நினைக்கக் கூடாது.

இன்னொன்று, நம் வாழ்க்கையில் சப்பாத்து எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். பாதி நேரம் வாசலில். வீட்டுக்கு வந்தால் கழற்றுகிறோம், உறவினர் வீட்டில் கழற்றுகிறோம், கோயிலில் கழற்றுகிறோம். பத்துமலையின் 272 படிகளை ஏறி முருகனைக் கும்பிடும்போது கீழே விட்டு வந்த நாலாயிரம் வெள்ளியை நினைத்துக்கொண்டிருந்தால் அது என்ன தரிசனம்? எங்கள் அடுக்குமாடியில் வராந்தாவில் வைத்த சப்பாத்து காணாமல் போன கதை மாடிக்கு ஒன்று இருக்கிறது. மோட்டார் ஓட்டுகிற பையனுக்கு இடது சப்பாத்தின் மேல்தோலில் கியர் தேய்த்த கறுப்புத் தழும்பு வேறு விழும்.

மலிவான படியை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கும், மழையிலும் சேற்றிலும் போகிறவர்களுக்கும் 150 வெள்ளி சப்பாத்து போதும். நனைந்தால் ஒரு நாள் விட்டு மறுநாள் போட இன்னொரு ஜோடியும் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் அதிக நாள் உழைக்கும்.

ஆனால் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்கள், தாதியர், கடை ஊழியர், ஓடுகிறவர்கள், இவர்களுக்கு நான் வேறு சொல்வேன். நீங்கள் கூடச் செலவு செய்யலாம், ஆனால் ஃபேஷன் கடையில் அல்ல. 500-லிருந்து 800 வெள்ளிக்கு நல்ல ஓட்டச் சப்பாத்து கிடைக்கிறது. அங்கே காசு மெத்தைக்கும் பிடிமானத்துக்கும் போகிறது. அதன் நுரை பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் ஓட்டத்தில் தளர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் காலை முதலில் கவனியுங்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. கால் மரத்துப்போனவருக்குச் சப்பாத்து கடிப்பதே தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். விரல்கள் விரிய இடம் உள்ள, உள்ளே தையல் உறுத்தாத ஒன்று, சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்கியது. என் அண்ணனுக்கு அப்படி ஒரு ஜோடி இரண்டு வருஷமாகத் தேவைப்படுகிறது, ஒவ்வொரு முறையும் தள்ளிப் போடுகிறார்.

நகல்களைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. 'ஒன் டு ஒன்' என்று சொல்லி 200, 300 வெள்ளிக்கு விற்பதில் உள்ளே என்ன பசை, என்ன நுரை என்று யாருக்கும் தெரியாது. பெயருக்காகவே வாங்கும் பொருளில் அந்தப் பெயரே பொய் என்றால் மிச்சம் என்ன? அசல் என்று நம்பி வாங்கி ஏமாந்தால் சும்மா இருக்காதீர்கள். வியாபாரிக்கு எதிராகப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் புகார் கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரை கோரலாம்.

கெந்திங்கிலும் சிப்பாங்கிலும் உள்ள கழிவு விலை கடைகளில் நல்லது கிடைக்கும். ஆனால் அங்கே வருவது பழைய இருப்பு. நைக்கி, அடிடாஸ் சப்பாத்துகளில் நாக்குக்குப் பின்னால் உள்ள சிறு சீட்டில் செய்த தேதி இருக்கும், மூன்று வருஷத்துக்கு மேல் பழசு என்றால் நான் எடுக்க மாட்டேன். பண்டல் கடைக்கும் இதே விதிதான். அடியைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுத்தால் வைத்துவிடுங்கள்.

நாலாயிரம் யாருக்குச் சரி? கடன் இல்லாமல், சேமிப்பைத் தொடாமல், அந்த வடிவத்தின் மேல் உண்மையாகவே ஆசை வைத்து, மழையில் நனைந்தாலும் பரவாயில்லை என்று போடக்கூடியவருக்கு. அப்படிப்பட்டவர்கள் வாங்கட்டும். எனக்குத் தெரிந்த வட்டத்தில் அப்படி ஒருவரைக்கூட யோசித்துச் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் புக்கிட் பிந்தாங் போனோம். கைப்பேசியில் பார்த்த அதே ஜோடியைப் போட்டுப் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது, கண்ணாடி முன் நின்று அவன் சிரித்ததைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. உட்கார்ந்து கழற்றி, யாரும் சொல்லாமலேயே உள் மெத்தையைத் தூக்கினான். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தை, நூல் இல்லை."

வேறு கடையில் 529 வெள்ளிக்குத் தைத்த அடியோடு வெள்ளைத் தோல் ஜோடி ஒன்றை எடுத்தான். பக்கத்துக் கடையில் அவன் அப்பாவுக்கு அகலமான ஒரு ஜோடி. திரும்பும் வழியில் ஸ்டேஷனிலிருந்து வீடு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இப்போது அந்த வெள்ளைச் சப்பாத்து எங்கள் பால்கனியில், அவன் கணக்குப் போட்ட அந்த நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்துக்கொண்டு, காய்ந்துகொண்டிருக்கிறது.